வின்சனுக்குப் பின்னால் மரம் நின்றது

அத்தியாயம் 4

இந்தக் கேஸில குற்றவாளியைத் தேடி நாங்கள் அலையவே தேவை இருக்கேல்லை. போற இடமெல்லாம் ஒரு குற்றவாளி கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, "நான்தான் அவனைச் சாகடிச்சனான்" எண்டு சொல்லுறது. எங்கட தொழிலில இப்பிடியும் ஒரு கரைச்சல் வருமெண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை.

தொழில் எண்டால் ரூபி அக்காவின்ர தொழில்தான். முழுப்பெயர் ஜெயரூபினி. வெளிநாட்டு ஆக்கள் வன்னிப் பக்கம் சம்பந்தம் பேசேக்க, மாப்பிள்ளை குடிக்கிறவரோ, சொல்லுற வேலைதான் செய்யிறாரோ, வேற எங்கயும் ஒரு குடும்பம் ஒளிச்சு வைச்சிருக்கிறாரோ எண்டு அவா விசாரிச்சுச் சொல்லுவா. நான் பிரேமிளா, ஜெயபுரத்துக்காரி. அக்காவின்ர மோட்டார்சைக்கிளை ஓடுறதும், அவா கேக்க வெக்கப்படுற கேள்வியளைக் கேக்கிறதும் என்ர வேலை. எனக்கு வெக்கம் குறைவு எண்டுதான் அவா என்னை எடுத்தது.

இந்த முறை கூப்பிட்டது முல்லைத்தீவில இருந்து புனிதமலர் அம்மா. கடலோட சீவிக்கிற குடும்பம். மகன் வின்சன் போன வருசம் மாசியில சுவிசில மலையில பனி சரிஞ்சு மூடிச் செத்தவர். அதே மாசியில அவரின்ர தங்கச்சி நிதர்சனாவுக்குக் கலியாணம் நடந்திருக்க வேணும். மாப்பிள்ளை அக்கராயன் பொடியன் திலீபன். அவரை விசாரிச்சு "தங்கமான பிள்ளை" எண்டு எழுதிக் குடுத்ததே நாங்கள்தான். கலியாணம் நிண்டுபோச்சு. திலீபன் ஒரு சொல்லுச் சொல்லாமல் ஒரு வருசம் பாத்துக்கொண்டு இருந்தவர். இண்டைக்குப் பின்னேரம் அவரின்ர தகப்பன் கடைசி முடிவு கேட்டு வாறார். நிதர்சனா முடிவெடுத்திட்டாள். கலியாணம் வேண்டாம், இனி எப்பவும் வேண்டாம். அவளோட கதைச்சு அந்த மனத்தை மாத்தத்தான் அம்மா எங்களைக் கூப்பிட்டவா.

"அண்ணாவைச் சாகடிச்சவளுக்குத் தாலி ஒரு கேடோ?" எண்டு அவள் என்னைப் பாத்துக் கேட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அழுது முடிஞ்ச முகம்.

"நீங்கள் என்னெண்டு சாகடிச்சனீங்கள்? இஞ்ச இருந்து தள்ளி விட்டனீங்களோ?" எண்டு நான் கேட்டன். ரூபி அக்கா என்ர காலை மிதிச்சா.

அவள் கோவிக்கேல்லை. ஆறுதலாச் சொன்னாள். எங்கட பக்கம் இப்ப ஒரு வழக்கம் வந்திருக்கு. கலியாணத்துக்கு வரேலாத வெளிநாட்டுச் சகோதரம் பனிக்குள்ள நிண்டு வாழ்த்துச் சொல்லி வீடியோ அனுப்பவேணும். அதை மண்டபத்தில பெரிய திரையில போடுவினம். பனி இல்லாமல் அனுப்பினால், ஆள் உண்மையா வெளிநாட்டிலதானோ எண்டு பந்தியில கதை வரும்.

"நான்தான் கேட்டனான். கால் படாத ஸ்னோவில நிண்டு எடு, மரம் ஒண்டும் தெரியக்கூடாது, முழுக்க வெள்ளையா இருக்கவேணும் எண்டு. அண்ணா போய் அந்தச் சரிவில நிண்டார். நிக்க நிக்க அது உடைஞ்சு அவரைக் கொண்டுபோட்டுது."

"அதை ஆர் சொன்னது?" ரூபி அக்கா கேட்டா.

"றஜித் அண்ணா. அண்ணாவோட சுவிசில இருந்தவர், மலைக்குப் போக வகுப்பும் படிச்சவர். கூட நிண்டு வீடியோ எடுத்தவர் அவர். கால் உடைஞ்சு தப்பினவர். நாளைக்கு ஆண்டுப் பூசைக்கு வந்து நிக்கிறார்."

புனிதமலர் அம்மா குசினி வாசலில நிண்டபடி, "இவள் இல்லை பிள்ளை, நான்" எண்டா. "கலியாணத்துக்கு வரப்போறன் எண்டு துடிச்சவன். வந்தால் அங்க போட்ட அகதிக் கேஸ் உடைஞ்சிடும், அங்கயே நில்லு எண்டு சொன்னது நான்தானே."

"ரெண்டாச்சு" எண்டு நான் அக்காவின்ர காதுக்குள்ள சொன்னன். திரும்பவும் காலில மிதி.

"வின்சன் கடைசியா எடுத்த அந்த வீடியோ இருக்கோ?"

நிதர்சனா போனை எடுத்துத் தந்தாள். றஜித் அதைத் தாயின்ர போனுக்கு அனுப்பியிருக்கிறார். தாய் பாக்கத் தெம்பில்லாமல், போனையே கொண்டுபோய் ரவுணில ஸ்டூடியோவில குடுத்திருக்கிறா. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அவை அதைச் செய்து குடுத்தவை. ரெண்டு பேரும் முதல் முதல் பாத்தது அந்த நினைவுநாள் திரையிலதான்.

பாத்தன். நல்ல சிரிச்ச முகம், நீலத் தொப்பி. பின்னால வானம் வரைக்கும் வெள்ளைச் சரிவு, உச்சியில நாய்க்காது மாதிரி ஒரு மடிப்பு, பக்கத்தில குட்டி முகில். "நித்து, திலீபன், ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும். அண்ணா வராட்டியும் அண்ணான்ர மனம் அங்கதான்." அவ்வளவுதான். மேலால புறா ரெண்டு பறக்குது. அது ஸ்டூடியோக்காரன்ர புறா எண்டு பாத்தவுடன தெரியுது.

ரூபி அக்கா ரெண்டு தரம் பாத்தா. எனக்குப் பனியைப் பற்றித் தெரிஞ்சதெல்லாம் மீன்பெட்டி ஐஸ் மட்டும்தான். ஆனால் அந்த மலை என்னை விடேல்லை. அந்த நாய்க்காதை எனக்குத் தெரியும்.

"அக்கா, இந்த மலையை நான் ஜெயபுரத்தில கண்டிருக்கிறன்."

"ஓம், ஜெயபுரத்தில நிறைய மலைதானே."

"பகிடி இல்லை அக்கா. எங்கட வீட்டுச் சுவரில தொங்குது. என்ர அப்பா மாயாண்டிக்குப் பின்னால. அப்பா மாலை போட்டுக்கொண்டு கதிரையில இருக்கிறார், பின்னால இந்த மலை, இந்த முகில், இந்த மடிப்பு. அறுபதாம் பிறந்தநாளுக்கு முல்லைத்தீவில எடுத்த படம்."

ரூபி அக்கா போனை மடியில வைச்சா. பிறகு எழும்பினா.

"மாயாண்டி அண்ணை சுவிசுக்குப் போனவரோ?"

"வவுனியாவுக்கு அங்கால போகேல்லை."

"எடு சைக்கிளை" எண்டா. மோட்டார்சைக்கிளை அவா எப்பவும் சைக்கிள் எண்டுதான் சொல்லுறது.

ஸ்டூடியோ பஸ் நிலையத்துக்குக் கிட்ட. முன்கண்ணாடிக்குள்ள முதல்நன்மைப் பிள்ளையள், சாமத்தியப் பிள்ளையள், கலியாணச் சோடியள் எல்லாரும் அந்த நாய்க்காது மலைக்கு முன்னால நிண்டு சிரிக்கினம். ஜனார்த்தனன் எண்டு கண்ணாடி போட்ட மெல்லிய மனிசன் உள்ளுக்க இருந்தார். வின்சன்ர பெயரைச் சொன்னதுதான் தாமதம், கண்ணாடியைக் கழட்டிப்போட்டார்.

"அக்கா, அது நான்தான்" எண்டார்.

"மூண்டு" எண்டன் நான்.

"மரம் கிரம் இல்லாமல், கால் படாத வெள்ளையில எடுக்கச் சொல்லுங்கோ எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்ததே நான். அப்பத்தான் மேல பொம்பிளை மாப்பிள்ளை பெயர் எழுத வடிவா இருக்கும் எண்டு. என்ர எழுத்துக்காக ஒரு மனிசன் செத்துப் போனார். இண்டை வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் நான் போகேல்லை."

"அது கிடக்கட்டும்" எண்டு ரூபி அக்கா சொன்னா. "இந்த மலையை ஆர் ஒட்டினது?"

ஜனார்த்தனன் முழிச்சார். "அதோ? அது எல்லாருக்கும் போடுறதுதானே அக்கா. நினைவுநாள் எண்டால் சுவிஸ் மலை, இல்லாட்டி நீர்வீழ்ச்சி."

"தம்பி, ஆள் உண்மையா சுவிசில நிண்டவர்."

"ஓம்."

"சுவிசில நிண்டவருக்குப் பின்னால இருந்த சுவிசை அழிச்சுப்போட்டு, நீங்கள் வேற சுவிசை ஒட்டினீங்கள்."

அவருக்கு அப்பத்தான் தன்ர வேலை தனக்கே விளங்கினது. நான் சிரிச்சிருப்பன். அந்த முகத்தைப் பாத்துச் சிரிக்க மனம் வரேல்லை.

"அவை அனுப்பின வீடியோ வடிவில்லை அக்கா" எண்டார் மெல்ல. "பின்னால மரம். இடப் பக்கம் கட்டி கட்டியா ஏதோ குப்பை மாதிரிக் கிடந்தது. செத்த மனிசனுக்குப் பின்னால அப்பிடி விடலாமோ? அதுதான் வடிவாக்கினனான்."

பழையது அவரின்ர கொம்பியூட்டரில இருந்தது. போட்டுக் காட்டினார். அதே சிரிப்பு, அதே தொப்பி, அதே சொல்லு. ஆனால் வின்சனுக்குப் பின்னால மலை இல்லை. அவரின்ர தோளை உரசிக்கொண்டு தடிச்ச ஊசியிலை மரங்கள், அடியில இருந்து நுனி மட்டும் கிளை முறியாமல், தோப்பா நிக்குது. இடப் பக்கம் தூரத்தில ஒரு சரிவு. அதின்ர மேல்பாதியில கத்தியால வெட்டினது மாதிரி ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ பனி உடைஞ்சு கட்டி கட்டியாக் குவிஞ்சு கிடந்தது. ஜனார்த்தனன் சொன்ன குப்பை.

"கடைசியை நிப்பாட்டுங்கோ" எண்டா ரூபி அக்கா. "இதில. பிரேமி, அவன் எங்க பாக்கிறான்?"

வாழ்த்துச் சொல்லி முடியுமட்டும் வின்சன் நேரா எங்களைப் பாக்கிறார். சொல்லி முடிஞ்ச கையோட கண் கீழ போகுது. சிரிப்பு போகுது. வலக்கை பாதி எழும்புது. அதோட வீடியோ அறுந்துபோகுது.

"படம் எடுக்கிறவரின்ர காலைப் பாக்கிறார்" எண்டன்.

"என்னத்துக்கு ஒருத்தன் படம் எடுக்கிறவன்ர காலைப் பாக்கிறான்?"

"சப்பாத்து வடிவா இருந்திருக்கும்." சொல்லிப்போட்டு, நானே வாயைப் பொத்தினன்.

"இவ்வளவு நாளும் எல்லாரும் படத்துக்குள்ள நிக்கிறவனையே பாத்துக்கொண்டு இருந்திருக்கினம்" எண்டா அக்கா. "எடுத்தவன் எங்க நிண்டவன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. வா, கேப்பம்."

அந்த வீடியோவை என்ர போனுக்கு ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டம்.

றஜித் தன்ர பெரியம்மா வீட்டில தங்கியிருந்தார், நந்திக்கடல் பக்கம். வீட்டில வேற ஆக்கள் இல்லை. முப்பது வயது இருக்கும். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அந்த வெயிலுக்குள்ளயும் முழுக்கைச் சேட்டு. எங்களைக் கண்டவுடன கதிரை போட்டார், தேத்தண்ணி போட எழும்பினார், நடுவில நிண்டு, "அவன் செத்தது என்னாலதான் அக்கா" எண்டார்.

நான் எண்ணுறதை விட்டிட்டன்.

"எப்பிடித் தம்பி உங்களால?"

"நான்தானே மலைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். நான்தானே வீடியோ எடுத்தனான். அவன் போஸ் குடுத்துக்கொண்டு நிக்கேக்கதான் சரிவு உடைஞ்சது." மனப்பாடம் பண்ணினது மாதிரி ஒரே மூச்சில வந்தது.

ரூபி அக்கா தலையை ஆட்டினா. "எங்களுக்கு ஸ்னோ தெரியாது தம்பி. அது என்னெண்டு உடையிறது? நீங்கள் அதுக்குப் படிச்சனீங்கள் எண்டு நித்து சொன்னவள்."

"ஓம், மலைக்குப் போறவைக்கு ஒரு வகுப்பு இருக்கு. போனனான்." கதை மாறினது அவருக்கு ஆறுதலா இருந்திருக்க வேணும். குசினிக்குள்ள போய் ஒரு தட்டம், சீனிப் போத்தல், கோதுமை மா எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். தட்டத்தில சீனியைப் பரப்பினார். மேல மாவைக் கொட்டி, கொஞ்சம் தண்ணி தெளிச்சு, உள்ளங்கையால அமத்தினார்.

"கீழ பழைய ஸ்னோ. கனநாள் குளிரில கிடந்தால் அது இந்தச் சீனி மாதிரி மணி மணியாப் போகும், ஒண்டோட ஒண்டு ஒட்டாது. அதுக்கு மேல புதுசு விழுந்து, காத்து அள்ளிக்கொண்டு வந்து அமத்தினால், இந்த மா மாதிரிப் பலகையா இறுகும். மேல நிண்டு பாத்தால் சிமெந்து நிலம்தான். ஆள் ஏறேக்க கீழ சீனி விட்டுக் குடுக்கும். பலகை முழுசா வரும்."

தட்டத்தை ஒரு பக்கம் உயத்திப் பிடிச்சு விரலால ஒரு தட்டுத் தட்டினார். மா குறுக்கால வெடிச்சு, பாளமாச் சறுக்கிக்கொண்டு வந்து மேசையில விழுந்தது. மேல வெட்டின மாதிரி ஒரு கோடு மட்டும் நிண்டுது. அந்தக் கோட்டை நான் இப்பத்தான் ஸ்டூடியோவில கண்டனான்.

"முன்கூட்டி ஏதும் தெரியாதோ?" நான் கேட்டன்.

"தெரியும். பக்கத்துச் சரிவு விழுந்து கிடந்தால், இதுவும் விழ நிக்குது எண்டு அர்த்தம். முதல் நாள் காத்து அடிச்சிருந்தாலும் கவனம். மிதிக்கேக்க அடியில இருந்து 'வும்' எண்டு ஒரு சத்தம் வரும், நிலம் மூச்சு விட்ட மாதிரி. காலடியில இருந்து வெடிப்பு ஓடும். அதில ஒண்டைக் கண்டாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்."

"அண்டைக்கு எது இருந்தது?"

"ஒண்டும் இல்லை." கேள்வி முடிய முதலே பதில் வந்திட்டுது.

ரூபி அக்கா குசினிக்குள்ள போய் கறிவேப்பிலை நெட்டு ஒண்டை எடுத்துக்கொண்டு வந்தா. திரும்ப மாவைப் பரப்பி, தட்டத்தின்ர ஒரு ஓரத்தில கறிவேப்பிலையை நட்டா. "இது மரம். சரிவு இஞ்சால. இப்ப நீங்கள் ரெண்டு பேரும் எங்க நிண்டனீங்கள் எண்டு வைச்சுக் காட்டுங்கோ." நெருப்புக்குச்சி ரெண்டைக் குடுத்தா.

றஜித் ஒரு குச்சியை எடுத்தார். கை நேரா மாவின்ர நடுவுக்குப் போச்சு. "இது நான்..." எண்டு தொடங்கினவர், சட்டெண்டு நிப்பாட்டினார். "இல்லை, இது வின்சன்" எண்டார். மற்றக் குச்சியைக் கறிவேப்பிலைக்குக் கிட்டக் குத்தினார். "இது நான்."

"அப்ப நீங்கள் மரத்தடியில நிண்டு, சரிவில நிண்ட அவனை எடுத்தனீங்கள்."

"ஓம்."

"அப்பிடியெண்டால் அவனுக்குப் பின்னால வெறும் வெள்ளைதானே தெரிய வேணும்?"

"ஓம். வெள்ளைதான். நினைவுநாள் வீடியோ பாக்கேல்லையே?"

ரூபி அக்கா என்னைப் பாத்தா. நான் போனை எடுத்து, தட்டத்துக்குப் பக்கத்தில வைச்சு, ஸ்டூடியோவில எடுத்ததைப் போட்டன். மரத்தை உரசிக்கொண்டு வின்சன் வாழ்த்துச் சொன்னார். சொல்லி முடிச்சு, குனிஞ்சு, படம் எடுக்கிறவரின்ர காலைப் பாத்தார்.

"அவனுக்குப் பின்னால மரம்" எண்டா ரூபி அக்கா. "முறியாத கிளையோட நிக்கிற பழைய மரம். அந்த இடத்தில எந்தக் காலத்திலயும் ஸ்னோ வந்து அடிக்கேல்லை. அவன் நிண்டது பத்திரமான இடம். அப்ப சரிவு அவனுக்கு முன்னால. போன் இருந்த இடத்தில. அந்தப் பக்கம் விழுந்து கிடந்த மற்றச் சரிவையும் நீங்கள் ரெண்டு பேரும் கண்டிருக்கிறீங்கள். குச்சியை மாத்திக் குத்து தம்பி."

'குத்துங்கோ' எண்டு சொல்லேல்லை. அதை அவரும் கவனிச்சிருப்பார்.

றஜித் குச்சியைத் தொடேல்லை. மா ஒட்டின கையைப் பாத்துக்கொண்டே இருந்தார்.

"மரம் தெரியுது, இஞ்சால வெளியில வா எண்டு நான்தான் கூப்பிட்டனான். அவன் மாட்டன் எண்டான். பக்கத்துச் சரிவு விழுந்து கிடக்கு, உனக்குத் தெரியேல்லையே, நீ முதல் இஞ்சால வா எண்டான். படிச்சவன் நான், அக்கா. அவன் படிக்கேல்லை. எனக்கு ரோசம் வந்திட்டுது. கடல்ல பிறந்தவனுக்கு இவ்வளவு பயமோ எண்டு பகிடி பண்ணினன். ஒண்டும் ஆகாது, பார் எண்டு அதில நிண்டு துள்ளிக் காட்டினன்."

"வும்" எண்டன் நான். என்னையறியாமல் வந்தது.

"ஓம். அந்தச் சத்தம்தான்." அவர் கண்ணை மூடினார். "ஸ்னோ என்னை நெஞ்சு வரைக்கும் மூடிப்போட்டுது. கால் முறிஞ்சுபோச்சு. அவன் ஓடி வந்தான். வராத, மேல இன்னும் நிக்குது எண்டு கத்தினன். கேக்கேல்லை. கையாலயே கிண்டி, என்ர கையைப் பிடிச்சு இழுத்து, மரத்தடி மட்டும் கொண்டு வந்தான். நான் மரத்தைப் பிடிச்சிட்டன். அவனுக்கு இன்னும் ஒரு அடி மிச்சம் இருந்தது. அப்பத்தான் மேல நிண்டது வந்தது."

வெளியில ஆரோ மீன் விக்கிற சத்தம் கேட்டது. அது தூரப் போகவிட்டு ரூபி அக்கா கேட்டா.

"பொலிசுக்குச் சொல்லேல்லையே?"

"அங்க எல்லாம் சொன்னனான். அவைக்கு அது விபத்து. இஞ்சதான் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியில இருந்து வின்சன்ர அம்மாவுக்குப் போன் எடுத்தன். அவா முதல் கேட்டது, 'நீ என்னெண்டு தப்பினனீ?' எண்டு. உன்ர மகன் இழுத்து எடுத்தவன், நான் துள்ளினதாலதான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வீடியோவுக்கு நிண்டவன், உடைஞ்சது எண்டு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். அந்த வீடியோ ஆருக்கு எடுத்தது எண்டு அந்த நேரம் நான் யோசிக்கேல்லை."

"நீ யோசிக்காத அந்த ஒரு வசனத்தை அந்தப் பெட்டை ஒரு வருசமாச் சுமக்கிறாள்" எண்டா ரூபி அக்கா. எனக்கு அவாவைத் தெரியும், கத்திற ஆள் இல்லை. இண்டைக்கும் கத்தேல்லை. "பின்னேரம் திலீபன்ர தகப்பன் வாறார். அவள் வேண்டாம் எண்டு சொல்லப்போறாள். வீடியோவை வெட்டித்தானே அனுப்பினனீ? மிச்சம் எங்க?"

அவர் பொக்கற்றில இருந்து போனை எடுத்து மேசையில வைச்சார். அழிச்சுப்போட்டன் எண்டு சொல்லுவார் எண்டு நினைச்சன். அழிக்கேல்லை.

"ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்" எண்டார்.

நான் அவரை மோட்டார்சைக்கிளில பின்னால ஏத்தினன். ரூபி அக்கா ஆட்டோவில வந்தா. வழி முழுக்க நான் ஒரு பகிடியும் விடேல்லை. தேடித் தேடி ஒரு குற்றவாளியைப் பிடிச்ச சந்தோசம் எனக்கு வந்திருக்க வேணும். வரவே இல்லை.

புனிதமலர் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நிண்டா. விருந்தாளியள் வருகினம் எண்டு. நிதர்சனா பழைய சட்டையோட, தலை இழுக்காமல் உள்ளுக்க இருந்தாள். வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு என்னத்துக்கு உடுப்பு மாத்துறது எண்டு நினைச்சிருப்பாள்.

றஜித் இருக்கேல்லை. சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டே எல்லாத்தையும் சொன்னார். மரம், சரிவு, துள்ளினது, இழுத்தது, ஒரு அடி மிச்சம். தாய் விளக்குமாத்தைக் கையிலயே வைச்சுக்கொண்டு கேட்டா. நிதர்சனா நிமிரவே இல்லை. சொல்லி முடியத்தான் கையை நீட்டினாள், போனைத் தாங்கோ எண்டு.

வாழ்த்து முடிஞ்சது. நாங்கள் கண்ட இடத்தில வீடியோ இந்த முறை அறுபடேல்லை. றஜித்தின்ர குரல் கேட்டது: "மச்சான், மரம் தெரியுது. நித்து மரம் வேண்டாம் எண்டவள் எல்லே. இஞ்சால வெளியில வா."

வின்சன் கையைக் காட்டி மறிச்சார். "அவளுக்கு விசர். கலியாணப் பேய் பிடிச்சுக் கதைக்கிறாள். அவள் சொன்னாப்போல அங்க வந்து நிக்க நான் மடையனே? இவ்வளவும் காணும், மரத்தோடயே இருக்கட்டும். நீ முதல் அதில நிக்காமல் வா. கீழ பார். வாடா, றஜித்."

பிறகு றஜித்தின்ர சிரிப்பு. போன் ஒருக்கால் மேலயும் கீழயும் ஆடினது. ஒரு சத்தம். அதோட முடிஞ்சுது.

நிதர்சனா திரும்ப முதலில இருந்து போட்டாள். "அவளுக்கு விசர்" வந்த இடத்தில நிப்பாட்டி, அதை மட்டும் இன்னொருக்கால் கேட்டாள். முகம் கோணினது. சிரிக்கிறாளோ அழுகிறாளோ எண்டு எனக்குத் தெரியேல்லை.

"ரூபி அக்கா" எண்டாள். "அண்ணா நான் சொன்னதைக் கேக்கேல்லை. என்ன?"

"ஓம் பிள்ளை. கேக்கேல்லை."

"ஒருநாளும் நான் சொன்னதைக் கேக்கமாட்டார்" எண்டு சொல்லிக்கொண்டு, ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்தி, சத்தம் போட்டு அழுதாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் அண்ணாவுக்காக மட்டும் அழுதது அண்டைக்குத்தான் எண்டு எனக்குப் பட்டது.

புனிதமலர் அம்மா விளக்குமாத்தைச் சுவரில சாத்திப்போட்டு றஜித்துக்குக் கிட்டப் போனா. அடிக்கப்போறா எண்டு நினைச்சு நான் எழும்பினன். அக்கா என்னைப் பிடிச்சு இருத்தினா.

"எந்தக் கை?" எண்டு தாய் கேட்டா.

றஜித்துக்கு விளங்கேல்லை.

"அவன் பிடிச்சு இழுத்தது எந்தக் கையை?"

அவர் வலக்கையை நீட்டினார். அவா அதை ரெண்டு கையாலயும் வாங்கினா. முழுக்கைச் சேட்டை முழங்கை மட்டும் சுருட்டி விட்டா. கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. மகன்ர விரல் பட்ட இடம் தெரியுமோ எண்டு தேடுறா போல கிடந்தது. றஜித் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவா அழேல்லை.

"உன்னை மன்னிச்சன் எண்டு இப்ப சொல்லமாட்டன்" எண்டா. "எனக்கு வருகுதில்லை. ஆனால் என்ர பிள்ளை எடுத்துத் தந்த கை இது. இதைக் கொண்டு போய் ஒளிச்சு வைக்காத. நாளைக்குப் பூசை முடிய, சனத்துக்கு முன்னால நீயே சொல்லு, அவன் என்னெண்டு செத்தவன் எண்டு."

றஜித் தலையை ஆட்டினார். அவா கையை விடேல்லை.

ஒழுங்கையில மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. திலீபன்ர தகப்பன். நிதர்சனா எழும்பி முகத்தைச் சட்டையால துடைச்சாள். அறைக்குள்ள போகேக்க வாசலில நிண்டு என்னைப் பாத்தாள்.

"அக்கா, ஸ்டூடியோக்காரருக்கு ஒருக்கால் போன் எடுத்துச் சொல்லுறீங்களோ? நாளைக்குத் திரையில போடேக்க அந்த மலையை எடுத்துப்போட்டு, மரத்தோட முழுசாப் போடச் சொல்லுங்கோ. விசர் எண்டு சொல்லுறதும் இருக்கட்டும்." பிறகு, "வாறவரை இருக்கச் சொல்லுங்கோ. நான் உடுப்பு மாத்திக்கொண்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினாள்.